ஹான்ஸ் பெர்கர்: மூளையின் மின்னலையை ஐயுற்று அளந்த மருத்துவர்

இ.இ.ஜி. என்று பொதுவழக்கில் குறிப்பிடப்படும் மூளை மின்னலை வரைவு, நரம்பியல் மருத்துவத்தில் வழக்கமாக மேற்கொள்ளப்படும் பரிசோதனைகளுள் ஒன்றாகும். பரிசோதனை நடைபெறும்போது, கண்களை மூடிக்கொள்ளுமாறும் சிறிது நேரம் கழித்துத் திறக்குமாறும் தொழில்நுட்பநர் கூறுவார். கண்களை மூடியிருக்கும்போது தலையின் பின்பகுதியில் சீரான அலைகள் தோன்றுகின்றன. கண்களைத் திறந்ததும் அவை தணிகின்றன. பார்வைக்கும் மூளையின் மின்செயற்பாட்டிற்கும் உள்ள தொடர்பை மனிதரிடத்தில் முதன்முதலாகப் பதிவு செய்தவர், செருமானிய மனநல மருத்துவரான ஹான்ஸ் பெர்கர் ஆவார். தாம் கண்ட அலை உண்மையிலேயே மூளையிலிருந்து எழுகின்றதா என்னும் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகவே அவர் ஐந்தாண்டுகளைச் செலவிட்டார். அவருடைய வாழ்க்கை வரலாற்றையும், அதன் வழியாக மூளை மின்னலை அளவீட்டை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

இளமையும் கல்வியும்

ஹான்ஸ் பெர்கர் 1873ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், செருமனியின் கோபுர்க் நகருக்கு அருகிலுள்ள நோய்செஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை மருத்துவர். தாய், புகழ்பெற்ற கவிஞரும் கீழைமொழி அறிஞருமான பிரீட்ரிக் ரூக்கர்ட்டின் மகள்.

பள்ளிக் கல்வியை முடித்த பெர்கர், முதலில் வானியலாளராக வேண்டும் என்றே விரும்பினார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சிறிது காலத்திலேயே படிப்பை இடைநிறுத்தி, ஓராண்டு இராணுவப் பயிற்சிக்குச் சென்றார். அங்கு அவருடைய வாழ்வின் போக்கை மாற்றிய நிகழ்வு ஒன்று நேர்ந்தது. பயிற்சியின்போது அவர் ஏறியிருந்த குதிரை மிரண்டு எழ, அவர் கீழே விழுந்தார். குதிரைகள் இழுத்து வந்த பீரங்கி வண்டி ஒன்று அவருக்கு மிக அருகில் வந்து நின்றது. மயிரிழையில் உயிர் தப்பிய அதே நாளில், அவருடைய நலத்தை வினவித் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று தமக்கை திடீரெனக் கலங்கியதாலேயே அத்தந்தி அனுப்பப்பட்டது என்பதை அவர் பின்னர் அறிந்தார்.

ஒரு மனத்தின் அச்சம் தொலைவிலுள்ள மற்றொரு மனத்தை எட்டியது என்று பெர்கர் நம்பினார். அவ்வாறாயின், மனத்தின் செயற்பாட்டிற்கு அளந்தறியத்தக்க ஓர் ஆற்றல் இருக்க வேண்டும் என்று கருதினார். வானியலைக் கைவிட்டு, மருத்துவம் பயில ஜேனா பல்கலைக்கழகத்திற்குத் திரும்பினார். இந்நிகழ்வை அவர் வெளிப்படையாக எழுதியது 1940ஆம் ஆண்டில்தான். இதற்கு அவருடைய நினைவே சான்று. மனம் மனத்தோடு தொலைவிலிருந்து பேசுகின்றது என்பதை அறிவியல் ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. ஆயினும், தவறான ஒரு நம்பிக்கை அவரைச் சரியான ஓர் அளவீட்டிற்கு இட்டுச் சென்றது.

தோல்வியுற்ற இருபது ஆண்டுகள்

1897இல் மருத்துவப் பட்டம் பெற்ற பெர்கர், ஜேனாவின் மனநல மருத்துவமனையில் பேராசிரியர் ஓட்டோ பின்ஸ்வாங்கரின் கீழ்ப் பணியில் சேர்ந்தார். முதல் உலகப்போரில் இராணுவ மருத்துவராகச் சென்ற காலம் நீங்கலாக, ஓய்வுபெறும் வரை அதே மருத்துவமனையில் பணியாற்றினார். 1919இல் அதன் இயக்குநரானார். 1927இல் பல்கலைக்கழகத் தலைவர் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

மனத்தின் ஆற்றலை அளக்க அவர் முதலில் தேர்ந்தது இரத்தவோட்டம். மண்டையோட்டில் காயத்தாலோ அறுவையாலோ திறப்பு ஏற்பட்ட நோயாளிகளிடம், மூளையின் துடிப்பு உணர்ச்சிகளுக்கு ஏற்ப எவ்வாறு மாறுகின்றது என்று ஆராய்ந்தார். அதன்பின் மூளையின் வெப்பநிலையை அளந்து, 1910இல் அது குறித்து நூல் வெளியிட்டார். இவ்விரு வழிகளும் அவர் நாடிய விடையைத் தரவில்லை. மூன்றாவது வழி மின்சாரம்.

விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டு என்பது அப்போது புதிய செய்தியன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவரான ரிச்சர்ட் கேட்டன் 1875இலேயே முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் அதனைக் கண்டிருந்தார். போலந்து அறிஞர் அடால்ஃப் பெக், விலங்கு அமைதியாக இருக்கையில் மூளையில் காணப்படும் மின்னலைவுகள், கண்ணில் ஒளி படுதல் போன்ற புலன் தூண்டலின்போது அடங்கிவிடுகின்றன என்பதை 1890இல் அறிவித்தார். ஆனால், இவை திறந்த மூளையின் மேல் நேரடியாக வைத்து அளந்தவை. மனிதத் தலையின் மேற்புறத்திலிருந்து இவற்றை அளக்க முடியும் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. பெர்கரே நாய்களின் மூளையில் செய்த முயற்சிகளும் தெளிவான முடிவைத் தரவில்லை.

அளவீடு ஏன் கடினமானது?

இதனைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். கைவிளக்கிற்குப் பயன்படுத்தும் சிறு மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ட், அதாவது 15 இலட்சம் மைக்ரோவோல்ட். மண்டையின் மேற்தோலில் கிடைக்கும் மூளையலையோ ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட் அளவினது. மின்கலத்தின் அழுத்தத்தில் அது முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இதயத்தின் மின்செயற்பாடு மார்பின் மேல் சுமார் 1,000 மைக்ரோவோல்ட் அளவில் பதிவாகின்றது. கண் இமைத்தல், தாடையை இறுக்குதல், நெற்றியைச் சுருக்குதல் ஆகியவை எழுப்பும் மின்குறிகைகளும் மூளையலையைவிடப் பெரியவையாக இருக்கலாம். வியர்வை, தளர்ந்த மின்வாய், அசையும் கம்பி ஆகியவற்றாலும் வரைகோடு அலைவுறும்.

எனவே, காகிதத்தில் ஓர் அலை தோன்றியது என்பதால் அது மூளையின் அலை என்று முடிவு செய்ய இயலாது. பேரிரைச்சல் மிகுந்த சந்தையில், ஒருவர் மெல்லக் கூறும் சொல்லைப் பிரித்துக் கேட்பதற்கு ஒப்பானது இம்முயற்சி. கேட்டது அவர் சொல்லா, அருகிலிருந்தவர் சொல்லா என்பதே முதல் வினா.

1924 ஜூலை 6

மண்டையோட்டில் அறுவைத் திறப்புக் கொண்டிருந்த 17 வயது இளைஞர் ஒருவரிடம், 1924ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், பெர்கர் கம்பியிழைக் கால்வனோமீட்டரைக் கொண்டு அளவீடு செய்தார். அக்கருவி இதயத்தின் மின்னலைகளைப் பதிவதற்காக உருவாக்கப்பட்டது. அதில் மிகச் சிறிய அலைவுகள் தென்பட்டன. மனித மூளையலையின் முதற்பதிவாக வரலாறு இதனையே கொள்கின்றது.

பெர்கர் அதனை உடனே வெளியிடவில்லை. மருத்துவமனைப் பணி முடிந்த பின், மாலை வேளைகளில் ஆய்வைத் தொடர்ந்தார். உடன் பணியாற்றியவர்களுள் சிலர் மட்டுமே இதனை அறிந்திருந்தனர். நோயாளிகள், நலமானவர்கள், தம் மகன் கிளாஸ், தாம் என்று பலரிடத்தும் அளவீடு செய்தார். ஒவ்வொரு முறையும் அவர் எழுப்பிய வினா, இந்த அலை வேறு எங்கிருந்தேனும் வரக்கூடுமா என்பதே.

இதயத்திலிருந்து வருகின்றதா என்றறிய, இதய மின்னலையையும் அதே நேரத்தில் பதிவு செய்து இரண்டையும் ஒப்பிட்டார். மூளையலை நொடிக்குச் சுமார் பத்து முறை எழுந்தது; நாடித்துடிப்போடு அது ஒத்துப்போகவில்லை. இரத்தக்குழாய்களின் துடிப்பு, மூச்சு, தலைத்தசைகளின் சுருக்கம், கண்களின் அசைவு, தோலின் மின்மாற்றம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கினார். தோலுக்கு மேல் வைக்கும் உலோகத் தகடு, தோலுக்கு அடியில் செலுத்தும் ஊசி எனப் பலவகை மின்வாய்களை மாற்றிப் பார்த்தார். பின்னர் சீமன்ஸ் அண்ட் ஹால்ஸ்கே நிறுவனத்தின் நுண்ணிய கால்வனோமீட்டரைப் பயன்படுத்தினார். கருவி மாறியும் அலை மறையவில்லை.

இவ்வாறு ஐந்து ஆண்டுகள் கடந்தபின், 1929இல் மனிதனின் மூளை மின்னலை வரைவு குறித்த முதற்கட்டுரையை மனநல மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 56. அதனைத் தொடர்ந்து 1938 வரை இதே பொருளில் மேலும் பல கட்டுரைகள் வெளிவந்தன. நொடிக்குப் பத்து என்னும் அளவில் எழும் பெரிய அலைக்கு ஆல்பா என்றும், அதனினும் விரைந்து எழும் சிறிய அலைக்குப் பீட்டா என்றும் அவர் இட்ட பெயர்கள் இன்றளவும் வழங்குகின்றன.

கண்ணைத் திறந்தால் அடங்கும் அலை

பெர்கரின் கண்டறிதல்களுள் பார்வையறிவியலுக்கு இன்றியமையாதது ஆல்பா அலையின் இயல்பு. கண்களை மூடி அமைதியாக இருப்பவரிடம் அது ஓங்குகின்றது. கண்களைத் திறந்தாலோ கவனத்தை ஒன்றில் செலுத்தினாலோ அடங்குகின்றது. கண்களை மூடியிருக்கும்போதே கடினமான மனக்கணக்கு ஒன்றைக் கொடுத்தாலும் பலரிடம் அது குறைகின்றது. இவ்விளைவு அவர் பெயராலேயே பெர்கர் விளைவு என்று அழைக்கப்படுகின்றது.

இது நம்பகத்தன்மைக்கும் ஒரு சான்றாக அமைந்தது. இதயமோ மூச்சோ இந்த அலைக்குக் காரணமாயின், கண்ணைத் திறந்தவுடன் அது அடங்க வேண்டிய தேவையில்லை. எனினும் உடலியல் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் தனித்தனியே இயங்கும் மூளையிலிருந்து இத்துணைச் சீரான, மெதுவான அலை எழுமா என்று ஐயுற்றனர். அலை, கருவியின் குறையாகவோ தசையின் நடுக்கமாகவோ இருக்கலாம் என்று கருதினர். மின்னியலில் முறையான பயிற்சி பெறாத, தனித்து ஒதுங்கி உழைத்த மனநல மருத்துவர் ஒருவரின் கூற்று என்பதும் அவர்களின் தயக்கத்திற்குக் காரணமாயிற்று.

கேம்பிரிட்ஜ் அளித்த உறுதி

இவ்வையம் 1934இல் நீங்கியது. நரம்பணுக்களின் செயற்பாடு குறித்த ஆய்வுக்காக 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எட்கர் ஏட்ரியன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிரையன் மேத்யூஸ் என்பவருடன் சேர்ந்து பெர்கரின் ஆய்வை மறுபடி செய்து பார்த்தார். பெர்கர் அறியாத வேறோர் ஆய்வகம், வேறு வகை மிகைப்பிக் கருவி, வேறு மனிதர்கள். அங்கும் அதே அலை தோன்றிற்று. அவ்வாண்டு மே மாதம் உடலியல் கழகத்தின் கூட்டத்தில், அறிஞர்கள் முன்னிலையில் ஏட்ரியனின் தலையிலேயே மின்வாய்களைப் பொருத்திக் காட்டினர். அவர் கண்களைத் திறந்தபோது அலை அடங்கியது, மூடியபோது மீண்டது. ஏட்ரியன் அதற்குப் பெர்கர் சீரலை என்றே பெயரிட்டு, கண்டறிந்தவருக்கு உரிய சிறப்பை வழங்கினார்.

இருவரும் ஓரடி முன்னேயும் சென்றனர். இருட்டறையில் கண்களைத் திறந்திருந்தாலும் ஆல்பா அலை தோன்றக்கூடும். எந்த உருவமும் இல்லாத ஒரே சீரான வெளிச்சத்திலும் அது நீடிக்கக்கூடும். ஒன்றைப் பார்க்க முனையும்போதுதான் அது உறுதியாக அடங்குகின்றது. ஆகவே, அலையை அடக்குவது ஒளி மட்டும் அன்று. பார்த்தல் என்னும் செயலே என்பது தெளிவாயிற்று. ஒளியைச் சீரான இடைவெளியில் சிமிட்டச் செய்தால், மூளையலையும் அதே வேகத்தைப் பின்பற்றும் என்பதையும் அவர்கள் காட்டினர்.

ஓரிடத்தில் பெர்கர் பிழைபட்டார். அவர் பெரும்பாலும் நெற்றியில் ஒன்றும் பிடரியில் ஒன்றுமாக இரண்டு மின்வாய்களை வைத்தே அளந்தார். அவ்வாறு அளந்தால், அலை இடையில் எவ்விடத்தில் பிறக்கின்றது என்பதை அறிய இயலாது. மூளை முழுவதும் ஒருங்கே எழுப்பும் அலை அது என்று அவர் கருதினார். பல இடங்களில் மின்வாய்களை வைத்து ஒப்பிட்ட ஏட்ரியன், அது தலையின் பின்புறத்தே பார்வைக்குரிய பிடரி மடலில் மிகுந்திருப்பதைக் கண்டார். பிற்கால ஆய்வுகள் ஏட்ரியனின் பக்கமே நின்றன. அளவு உண்மையாக இருந்தும், அதற்குத் தரும் விளக்கம் தவறாகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மறைக்கப்படலாகாத பக்கம்

1935இல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள், கால்-கை வலிப்பின் ஒரு வகையில் நொடிக்கு மூன்று முறை எழும் தனித்தன்மையான அலைவடிவைக் கண்டனர். வலிப்பு நோயை மூளையின் மின்செயற்பாட்டுக் கோளாறாக அறிந்து மருத்துவம் செய்ய இது வழிவகுத்தது. பல சமூகங்களில் சாபமாகவும் இழிவாகவும் கருதப்பட்டு வந்த ஒரு நோய்க்கு, பெர்கரின் கருவி புறச்சான்று தந்தது.

இதே ஆண்டுகளில் பெர்கரின் வாழ்வு வேறொரு திசையிலும் சென்றது. நாட்சி ஆட்சி 1933இல் இயற்றிய சட்டம், மனச்சிதைவு, பரம்பரை வலிப்பு, பரம்பரைப் பார்வையின்மை உள்ளிட்ட நிலைகளைக் கொண்டோரைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்த இடமளித்தது. அதன்படி ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் கருத்தடை செய்யப்பட்டனர். பெர்கர் நாட்சிகளை எதிர்த்தவர், அதனாலேயே பதவியிலிருந்து விலக்கப்பட்டவர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. ஆவணங்களை ஆராய்ந்த பிற்கால வரலாற்றாளர்கள் இதனை மறுத்தனர். ஜேனாவில் இச்சட்டத்தின்கீழ் மேல்முறையீடுகளை விசாரித்த நீதிமன்றத்தில் அவர் மருத்துவ உறுப்பினராகப் பணியாற்றினார், எஸ்.எஸ். அமைப்பிற்கு நிதியளிக்கும் ஆதரவாளராகவும் இருந்தார். 1938இல் 65ஆம் வயதில், உரிய ஓய்வு வயதில், பணி நிறைவு பெற்றார்.

தம் அலையைப் பற்றி ஐந்தாண்டுகள் ஐயுற்ற ஒருவர், மனிதர் சிலரின் வாழ்வு தொடரத் தகாதது என்ற கொள்கையை ஐயுறவில்லை. ஓர் அளவீட்டின் நம்பகத்தன்மை அதனைக் கண்டறிந்தவரின் பெருமையைச் சார்ந்ததன்று. பிறர் மறுபடி செய்து பார்த்து ஏற்றதையே சார்ந்தது. அதனால்தான் பெர்கரின் வரலாற்றை மறைக்காமலே அவருடைய அலையை மருத்துவ உலகம் பயன்படுத்த முடிகின்றது.

இறுதி ஆண்டுகளில் உடல்நலக் குறைவும் கடும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், 68ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வு மருத்துவத்தால் தணியக்கூடிய நோய். அத்தகைய எண்ணம் எழுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் டெலி-மானஸ் உதவி எண் 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அவருக்குப் பின் அளவீடு அடைந்த வளர்ச்சி

பெர்கரின் ஐயங்கள் அவரோடு முடியவில்லை. பிரித்தானிய உடலியலாளர் ஜார்ஜ் டாசன், கண்ணிற்கோ தோலிற்கோ ஒரே தூண்டலைப் பலமுறை தந்து, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் அலையைச் சராசரி காணும் முறையை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கினார். தூண்டலோடு தொடர்பில்லாத இரைச்சல் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, தூண்டலுக்குரிய விடை எஞ்சுகின்றது. நூறு முறை சராசரி கண்டால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். பார்வை நரம்பின் அழற்சியை அறிய இன்று செய்யப்படும் பரிசோதனை இவ்வடிப்படையில் அமைந்ததே. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் பிடரிப் பகுதியில், சுமார் 100 மில்லிநொடியில் ஓர் அலை எழும். நரம்பு பாதிக்கப்பட்டிருப்பின் அது தாமதமாகும்.

1958இல், மின்வாய்களைத் தலையின் எவ்விடங்களில் பொருத்துவது என்பதற்கு உலகப் பொதுவான முறை வெளியிடப்பட்டது. தலையின் அளவில் 10, 20 விழுக்காட்டு இடைவெளிகளில் அவை அமைக்கப்படுவதால், ஓர் ஊரில் எடுத்த பதிவை மற்றோர் ஊரில் எடுத்ததோடு ஒப்பிட முடிகின்றது. 1970இலும்கூட, ஆல்பா அலை கண்தசைகளின் நடுக்கத்தால் எழுகின்றதோ என்று ஓலோஃப் லிப்போல்ட் என்னும் ஆய்வாளர் வினா எழுப்பினார். மேலும் ஆராய்ந்தபின் அக்கருத்து நிலைபெறவில்லை. அவ்வினாவும் வீணன்று, ஒவ்வொரு மறுபரிசோதனையும் நம்பிக்கைக்கு ஓர் உரம்.

பரிசோதனைக்கு வருவோர் அறியவேண்டியவை

மேற்கண்ட வரலாறே பரிசோதனை அறையில் கூறப்படும் அறிவுரைகளுக்குக் காரணம். தலைமுடியை முந்தைய நாளே நன்கு கழுவி, எண்ணெய் தடவாமல் வருதல் வேண்டும். எண்ணெய்ப் பசை மின்வாய்க்கும் தோலுக்கும் இடையே தடையாகும். தாடையை இறுக்காமலும் அடிக்கடி இமைக்காமலும் இருக்குமாறு கூறுவது, தசையின் குறிகை மூளையின் குறிகையை மறைத்துவிடும் என்பதனால். பார்வைத் தூண்டல் பரிசோதனைக்கு வழக்கமாக அணியும் கண்ணாடியை உடன் கொண்டுவருதல் வேண்டும். கட்டங்கள் மங்கலாகத் தெரிந்தால், நலமான நரம்பும் நோயுற்றது போல் தோன்றக்கூடும். உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் கூற வேண்டும். அவரது அறிவுரையின்றி எம்மருந்தையும் நிறுத்தலாகாது.

இப்பரிசோதனை உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. மூளை எழுப்பும் மின்னலையைப் பதிவு மட்டுமே செய்கின்றது. எண்ணங்களை அது படித்துக் காட்டாது. பதிவு இயல்பாக இருப்பதாலேயே வலிப்பு நோய் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. ஆல்பா அலை தெளிவாகத் தோன்றாதவர் யாவரும் நோயாளரும் அல்லர். நோய்க்குறிகள், உடற்பரிசோதனை ஆகியவற்றோடு சேர்த்தே மருத்துவர் இதற்குப் பொருள் காண்பார். தேவைப்படின் பரிசோதனையை மீண்டும் செய்யுமாறு கூறுவார். அது முதற்பரிசோதனை தவறு என்பதற்கான அறிகுறியன்று. ஒருமுறை கண்டதை மறுமுறையும் கண்டு உறுதி செய்யும் வழக்கமே ஆகும்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. நோயறிதலுக்கும் மருத்துவத்திற்கும் தகுதி பெற்ற மருத்துவரை அணுகுக.